கைபேசிக்கும் வேண்டும் இரும்புப் பெட்டி

நம் கூட்டுறவுச் சங்க அலுவலகங்களில் இரும்புப் பெட்டி ஒன்று இருப்பது வழக்கம். ரொக்கமும் முக்கியமான பத்திரங்களும் அதனுள் வைக்கப்படுகின்றன. அதன் சாவி ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது என்பதும், இருவர் கூடினால்தான் பெட்டி திறக்க வேண்டும் என்பதும் பல சங்கங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. யாரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டதன்று இது. பிறர் பொருளைக் காப்பவர், தம் பொருளைக் காப்பவரைவிட ஒரு படி கூடுதலான எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும் என்னும் கொள்கையிலிருந்து பிறந்தது.

காலம் மாறிவிட்டது. அந்தப் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்க பல விஷயங்கள் இன்று காரியதரிசியின் சட்டைப் பையில் உலாவுகின்றன. அங்கத்தினரின் ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கம், நெசவுக் கூலிப் பட்டியல், பயிர்க்கடன் மனு, நிலப் பட்டாவின் நகல் ஆகிய யாவும் கைபேசியில் படமாக எடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிடுகின்றன. கைபேசி என்பது பேசும் கருவி மட்டுமன்று. அது கையில் அடங்கும் கணிப்பொறி. ஒரு சங்கத்தின் பேரேடுகள் முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்த நாம், இதற்கு ஒரு சாவியேனும் வைத்திருக்கிறோமா?

இதை நான் ஏட்டறிவால் மட்டும் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் சரகத்தைச் சேர்ந்த ஒரு நெசவாளர் சங்கத்தின் காரியதரிசி, பேருந்தில் தம் கைபேசியைத் தவறவிட்டார். பேரன் விளையாடக் கேட்பான் என்பதற்காக அவர் அதற்குப் பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அங்கத்தினர்களின் கணக்குப் புத்தகப் படங்கள் அதில் இருந்தன. நான்காம் நாள் அச்சங்கத்து மூதாட்டி ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் அவருடைய பெயரையும், வங்கிக் கிளையையும், கணக்கு எண்ணையும் பிழையின்றிச் சொன்னான். இவ்வளவும் அறிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய அந்த அம்மையார், தமக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் சொல்லிவிட்டார். ஆறு வாரம் தறியில் அமர்ந்து ஈட்டிய கூலி அரை மணி நேரத்தில் போயிற்று.

அந்தக் கைபேசியிலிருந்துதான் விவரம் சென்றது என்று எவராலும் நிரூபிக்க இயலவில்லை. அங்கிருந்து செல்லவில்லை என்று உறுதி கூறக் காரியதரிசியாலும் இயலவில்லை. இதில் என் பங்கையும் மறைப்பதற்கில்லை. அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புமாறு கேட்டவன் நானே. ஒரு நாள் பயணம் மிச்சமாகும் என்று எண்ணினேன். காரியதரிசியின் கவனக்குறைவைப் பற்றி அறிக்கை எழுத அமர்ந்தபோது, முதற் குறிப்பை என்மீதே எழுத வேண்டியதாயிற்று.

அன்று முதல், சங்கத்திற்குச் செலவு வைக்காமல் கைபேசியிலுள்ள விவரங்களைக் காக்கும் வழி யாது என்று தேடலானேன். தேடிக் கண்டவற்றை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறியாக்கம் என்றால் என்ன?

ஒரு விவரத்தை, உரிய திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதவாறு உருமாற்றி வைப்பதற்குக் குறியாக்கம் என்று பெயர். நெசவாளர்களுக்கு இதை ஜக்கார்டு அட்டைகளைக் கொண்டு விளக்கலாம். அட்டைகள் வரிசைப்படி கோக்கப்பட்டிருந்தால் சேலையில் அன்னமோ மாங்காயோ விழுகிறது. கோத்த கயிற்றை அறுத்து, நூற்றுக்கணக்கான அட்டைகளையும் கலைத்துவிட்டால் எந்தத் தறியிலும் அந்த வேலைப்பாடு விழாது. அட்டைகள் அனைத்தும் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை. ஆனால் வரிசையை அறிந்தவர் மட்டுமே மீண்டும் அன்னத்தைக் கொண்டுவர முடியும். அந்த வரிசையே திறவுகோல்.

கைபேசியில் எழுத்தும் படமும் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. அந்த எண்களைத் திறவுகோலுடன் சேர்த்துப் பன்முறை கலந்து மாற்றுவதே குறியாக்க மென்பொருளின் வேலை. இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கும் முறைக்கு ஏ.இ.எஸ். என்று பெயர். புதிய முறை ஒன்று வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் உலக அறிஞர்களை அழைத்தது. பதினைந்து முறைகள் போட்டிக்கு ஏற்கப்பட்டன. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர் வகுத்த முறை, 2001-ஆம் ஆண்டில் தரமாக வெளியிடப்பட்டது. இதன் மிகச் சிறிய திறவுகோலுக்கே அமையக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது ஆகாத காரியம்.

முறை வெளிப்படை, திறவுகோல் இரகசியம்

இங்கே ஒரு முக்கியமான கொள்கையை மனத்தில் இருத்த வேண்டும். ஏ.இ.எஸ். முறை எவ்வாறு இயங்குகிறது என்பது இரகசியமன்று; யார் வேண்டுமாயினும் படிக்கலாம். 1883-ஆம் ஆண்டிலேயே கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர், ஒரு குறியாக்க முறை பகைவர் கையில் சிக்கினும் கேடு விளையலாகாது, திறவுகோல் ஒன்றே இரகசியமாக இருந்தாற் போதும் என்று எடுத்துரைத்தார்.

கூட்டுறவாளருக்கு இது புதிய கருத்தன்று. நம் துணைவிதிகள் அச்சிட்டு வழங்கப்படுகின்றன. கணக்குகள் பொதுப் பேரவையில் படிக்கப்படுகின்றன. பெட்டிச் சாவி மட்டுமே மறைவாக இருக்கிறது. "எங்கள் முறை மிக இரகசியமானது, ஆகவே பத்திரமானது" என்று விளம்பரம் செய்யும் மென்பொருளைக் கண்டால், கணக்கைக் காட்ட மறுக்கும் பொருளாளரைக் கண்டதுபோல் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

முதலில் கையில் இருப்பதைக் காண்க

இலவச மென்பொருளைத் தேடுவோர் பலரும் வெளியே தேடுகின்றனர். நானும் அவ்வாறே தேடினேன். ஆனால் வேண்டிய முதற் பூட்டு, பெரும்பாலான கைபேசிகளில் வாங்கும்போதே அமைந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு வகைக் கைபேசிகளில், 2015-ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்புமுதல், போதிய ஆற்றலுள்ள புதிய கருவிகளுக்குக் குறியாக்கம் கட்டாயமாயிற்று. விலை குறைந்த கருவிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது, ஏ.இ.எஸ். முறையை விரைவாகச் செய்யும் உறுப்பு அவற்றில் இல்லாததே காரணம். இக்குறையைத் தீர்க்க, 2019-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் அடியாண்டம் என்னும் இலகுவான முறையை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த பத்தாம் பதிப்புடன் வெளியாகும் புதிய கருவிகள் அனைத்திற்கும், விலை எதுவாயினும், குறியாக்கம் கட்டாயமாக்கப்பட்டது. ஐபோன் வகையிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

ஆயினும் இந்தப் பூட்டு, நாம் சாவி போட்டால்தான் பயன் தரும். திரைப் பூட்டு வைக்காத கைபேசியில், உள்ளே எவ்வளவு குறியாக்கம் இருந்தும், எடுத்தவர் விரல் பட்டவுடன் யாவும் திறந்துகொள்கின்றன. நம் காரியதரிசியின் கைபேசியில் நேர்ந்தது இதுவே. இரும்புப் பெட்டி இருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திரைப் பூட்டுக்கு நான்கு இலக்க எண் வைத்தால் பத்தாயிரம் சேர்க்கைகள். ஆறு இலக்கம் வைத்தால் பத்து லட்சம். ஆகவே ஆறு இலக்கத்திற்குக் குறைதல் கூடாது. பிறந்த ஆண்டும், வண்டி எண்ணும், ஒரே எண்ணின் திருப்பலும் கூடா. விரல் ரேகை வசதிக்காக மட்டுமே. அதன் அடியில் இருப்பது இந்த எண்தான். பேரன் விளையாடக் கேட்டால் காரியதரிசி தாமே திறந்து கொடுத்து, விளையாடி முடித்தவுடன் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கைபேசியில் தனியே செருகும் நினைவட்டை பெரும்பாலும் இந்தக் குறியாக்கத்திற்கு உட்படுவதில்லை. கழற்றி வேறொரு கருவியில் செருகினால் படங்கள் அப்படியே தெரியும். சங்க ஆவணங்களை நினைவட்டையில் வைத்தல் ஆகாது.

இலவச மென்பொருளை அளக்கும் ஐந்து கேள்விகள்

உள்ளமைந்த பூட்டுக்கு மேல் இன்னொரு பெட்டி வேண்டும் என்றால், இலவசமாகக் கிடைக்கும் செயலிகளை நாடலாம். அவற்றில் நல்லனவும் உண்டு, போலிகளும் உண்டு. படங்களை மறைத்து வைப்பதாகச் சொல்லும் சில செயலிகள், கோப்பின் பெயரை மாற்றி வேறோர் அறையில் ஒளித்து வைப்பதோடு நின்றுவிடுகின்றன. அது பூட்டன்று, திரைச்சீலை. நூல் வாங்கும்போது சிட்டத்தைப் பிரித்துப் பார்க்கிறோம், விதை வாங்கும்போது முளைப்பு பார்க்கிறோம். அவ்வாறே செயலியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம்.

முதலாவது, எந்தக் குறியாக்க முறையைப் பயன்படுத்துகிறது என்று பெயரிட்டுச் சொல்கிறதா? இரண்டாவது, அதன் மூலநிரல் எவரும் படித்துச் சோதிக்குமாறு வெளியிடப்பட்டிருக்கிறதா? நாம் படிக்க அறியாவிடினும், படிக்க அறிந்தவர் பலர் படித்திருக்கிறார்கள் என்பதே பாதுகாப்பு. மூன்றாவது, அண்மையில் திருத்தப்பட்டிருக்கிறதா? நான்காவது, செய்யும் வேலைக்குத் தேவையில்லாத அனுமதிகளைக் கேட்கிறதா? கடவுச்சொல்லைக் காக்கும் செயலிக்கு நம் தொடர்பு எண்களும் ஒலிவாங்கியும் எதற்கு? ஐந்தாவது, இலவசம் என்றால் அதன் செலவை யார் ஏற்கிறார்கள்? நன்கொடையாலும் பலர் கூட்டு உழைப்பாலும் நடப்பது ஒரு வகை. நம் விவரங்களை விற்று நடப்பது வேறொரு வகை.

மூன்றாம் கேள்வியின் அவசியத்தை ஒரு வரலாறு காட்டும். கணிப்பொறிகளுக்கு ட்ரூகிரிப்ட் என்னும் இலவச மென்பொருள் பல ஆண்டுகள் புகழுடன் வழங்கியது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் ஆசிரியர்கள் பணியை நிறுத்தி, இனி இது பாதுகாப்பானதன்று என்று அறிவித்தனர். மூலநிரல் வெளியில் இருந்தமையால், அதனைத் திருத்தி வளர்த்த வெராகிரிப்ட் என்னும் மென்பொருள் அப்பணியைத் தொடர்கிறது. பழையதையே பிடித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் ஆபத்து.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

கடவுச்சொற்களையும் கணக்கு எண்களையும் வைக்க, ஆண்ட்ராய்டு கைபேசியில் கீபாஸ் டிஎக்ஸ் என்னும் செயலி உண்டு. இது முற்றிலும் இலவசம், மூலநிரல் வெளிப்படையானது. விவரங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் குறியாக்கம் செய்யப்பட்டு, ஒரு தலைமைக் கடவுச்சொல்லால் பூட்டப்படுகின்றன. அந்தக் கோப்பின் நகலை அலுவலகக் கணிப்பொறியில் கீபாஸ் எக்ஸ்சி என்னும் மற்றோர் இலவச மென்பொருளைக் கொண்டு திறக்கலாம். ஆகவே ஒரு கருவி பழுதானாலும் விவரம் அழியாது. இத்தகைய செயலிகளை ஆண்ட்ராய்டின் வழக்கமான கடையிலும், திறந்த மூலநிரல் கொண்டவற்றை மட்டும் தொகுத்து வைக்கும் எஃப்-டிராய்டு என்னும் இடத்திலும் பெறலாம். யாரோ குறுஞ்செய்தியில் அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது.

அங்கத்தினரின் ஆவணப் படங்களுக்குக் கைபேசி நிலையான இருப்பிடம் ஆகாது. அவற்றை அலுவலகக் கணிப்பொறிக்கு மாற்றி, வெராகிரிப்ட் கொண்டு அமைக்கும் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, கைபேசியிலிருந்து நீக்கிவிடுவதே நன்று. நீக்கிய படங்கள் சில நாள் குப்பைத் தொட்டியில் தங்கும். அதையும் காலி செய்ய வேண்டும். வெராகிரிப்ட் கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. அதே பெயரைச் சொல்லிக் கைபேசிக்கு வரும் செயலியைக் கண்டால் ஐயுற வேண்டும்.

இணையச் சேமிப்பகத்தில் வைக்கும் கோப்புகளைக் குறியாக்கம் செய்ய கிரிப்டோமேட்டர் என்பது உதவும். அதன் மூலநிரல் வெளிப்படை; கணிப்பொறியில் கட்டணம் இல்லை; ஆண்ட்ராய்டு கைபேசிக்கு விலை உண்டு. மூலநிரல் திறந்திருப்பதும் விலையின்றி இருப்பதும் வேறு வேறு என்பதை இதிலிருந்து அறியலாம்.

அவசியமாக அனுப்ப வேண்டிய படத்திற்குச் சிக்னல் என்னும் செயலி ஏற்றது. அது இலவசம், இலாப நோக்கமற்ற அமைப்பால் நடத்தப்படுவது. குறித்த காலத்திற்குப்பின் செய்தி தானே மறையுமாறு அதில் அமைக்கலாம். வாட்ஸ்அப்பிலும் 2016-ஆம் ஆண்டு முதல் அனுப்புநர் முதல் பெறுநர் வரை குறியாக்கம் உண்டு. ஆனால் அதன் காப்புநகலுக்கு அத்தகைய பூட்டு வேண்டுமாயின் நாமே அமைப்புகளில் சென்று இயக்க வேண்டும். அவ்வசதி 2021-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. வழியில் எவரும் படிக்க முடியாது என்பது உண்மை. ஆயினும் போய்ச் சேர்ந்த கைபேசியில் படம் திறந்தே கிடக்கிறது என்பதும் உண்மை.

திறவுகோல் தொலைந்தால்?

குறியாக்கத்தில் ஒரு கடுமை உண்டு. இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்தால் கொல்லரை அழைத்து உடைக்கலாம். தலைமைக் கடவுச்சொல் மறந்தால் எந்தக் கொல்லரும் இல்லை. மென்பொருளை உருவாக்கியவராலும் திறக்க இயலாது. அதனால்தான் அது பூட்டு.

ஆகவே நான் பார்வையிடும் சங்கங்களுக்கு ஓர் ஏற்பாட்டைச் சொல்லி வருகிறேன். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்துத் தலைமைக் கடவுச்சொல்லாக அமைக்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரையிட்டு, தலைவரும் காரியதரிசியும் முத்திரையின்மேல் கையொப்பமிட வேண்டும். உறை, இரு சாவி கொண்ட இரும்புப் பெட்டிக்குள் செல்ல வேண்டும். பதவியில் இருப்பவர் மாறும்போது பழைய உறையைக் கிழித்து, புதிய சொல் அமைக்க வேண்டும். இதை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். புதிய பெட்டிக்குப் பழைய பெட்டியே காவல்.

கைபேசி தொலைந்தால், உடனே மற்றொரு கருவியிலிருந்து அதைத் தேடும் வசதியைப் பயன்படுத்தி உள்ளிருப்பதை அழிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் செய்தபின், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே அந்தக் கருவியை வலையமைப்பில் இயங்காதவாறு முடக்கலாம். இதற்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தேவை, முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்க. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அங்கத்தினர்களுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். அவமானம் கருதி நான்கு நாள் மறைத்தால், அந்த நான்கு நாளும் திருடனுக்குச் சேரும்.

குறியாக்கம் செய்ய இயலாதது

இத்தனையும் செய்தாலும், ஓ.டி.பி. எண்ணை வாயால் சொல்பவரை எந்த மென்பொருளும் காக்காது. திறந்த கைபேசியைப் பிறர் கையில் கொடுப்பவரையும் காக்காது. எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு, தேவையற்ற விவரத்தைச் சேர்க்காதிருப்பதே. அடையாளத்திற்கு முழு ஆதார் எண் வேண்டாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கினாற் போதும். 2023-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் விவரத்தை வைத்திருப்பவருக்குத் தக்க பாதுகாப்புச் செய்யும் கடமையை வகுத்திருக்கிறது.

சட்டம் சொல்வதற்கு முன்பே கூட்டுறவு அதைச் சொல்லியிருக்கிறது. அங்கத்தினர் தம் கணக்குப் புத்தகத்தை நம்மிடம் நீட்டும்போது கேள்வி கேட்பதில்லை. சங்கம் தம்முடையது என்று நம்பி நீட்டுகிறார். அந்த மூதாட்டி இன்றும் நெய்கிறார். அடுத்த முறை நான் சென்றபோது, கணக்குப் புத்தகத்தை என்னிடம் தருமுன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தலைவரும் காரியதரிசியும் தத்தம் கைபேசியை மேசைமேல் வைக்கட்டும். திரைப் பூட்டு உண்டா, ஆவணப் படங்கள் எத்தனை, நினைவட்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். கால் மணி நேரம் போதும். ஒரு காசும் செலவில்லை. ஆய்வாளன் வரும்போது அவன் கைபேசியையும் தயங்காமல் கேளுங்கள். காட்ட வேண்டியது அவன் கடமை.